திறப்பு யாருடைய கையில்?





பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளையொன்றின் தாயார் எழுதியிருக்கிறார். மகளின் படிப்புக்காக வாப்பா வாங்கிக் கொடுத்த மடிக்கணனி அது. பாடத்துக்குத் தேவையென்று மகள் அதில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே லினக்ஸையும் போட்டிருக்கிறாள். லினக்ஸ் நன்றாக வேலை செய்தது. ஆனால் விண்டோஸைத் திறக்கப் போனபோது நீல நிறத் திரையொன்று தோன்றி 48 இலக்கங்களைக் கேட்டது. அப்படி ஓர் இலக்கத்தை அந்த வீட்டில் எவரும் கண்டதில்லை. வாப்பா சென்ற வருடம் வபாத்தாகிவிட்டார். அவருடைய படங்களும், பேரப்பிள்ளையோடு அவர் பேசிச் சிரித்த குரலும் அந்தக் கணனிக்குள்தான் இருக்கின்றன. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுத் தருவதாகக் கடைக்காரர் சொல்கிறாராம். கொடுக்கலாமா என்று கேட்கிறார் அந்தத் தாய்.

வேண்டாம் சகோதரி. இப்போதைக்குக் கொடுக்கவே வேண்டாம். அந்தப் படங்கள் அழியவில்லை. பூட்டிய அறைக்குள் வைத்தது வைத்தபடி இருக்கின்றன. கைதவறி அழிப்பதற்கு ஒரு நிமிடம் போதும்; அழித்த பிறகு எந்தத் திறப்பு கிடைத்தும் பயனில்லை. ஆகவே முதலில் திறப்பைத் தேடுவோம்.

பூட்டியது யார்?

"நாங்கள் எதையும் பூட்டவில்லையே!" என்று பலரும் சொல்வார்கள். உண்மைதான். பூட்டியது விண்டோஸ். இந்தப் பூட்டுக்குப் பெயர் பிட்லொக்கர். 2007இல் விண்டோஸ் விஸ்டாவோடு பொதுமக்களிடம் வந்தது. அப்போது விலை கூடிய பதிப்புகளில் மட்டுமே இருந்தது. 2013இல் வந்த விண்டோஸ் 8.1 முதல், தகுதியுள்ள கணனிகளில் இதே பூட்டு தானாகவே விழத் தொடங்கியது. 2024இல் வெளியான விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவப்படும் சாதாரண வீட்டுக் கணனிகளிலும் பெரும்பாலும் இது நடக்கிறது. மைக்ரோசொப்ட் கணக்கொன்றைக் கொடுத்து முதன்முறையாக உள்ளே நுழைந்தால் போதும், பூட்டு விழுந்துவிடும். திரையில் யாரும் அதைப் பெரிதாக அறிவிப்பதில்லை.

இது தீமைக்காகச் செய்யப்பட்டதன்று. கணனி களவு போனால், கள்வன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கணனியில் மாட்டி உங்கள் குடும்பப் படங்களையும் வங்கிக் காகிதங்களையும் சாவதானமாகப் பார்க்கலாம். பூட்டு இருந்தால் அவனுக்குக் கிடைப்பது பொருளற்ற எழுத்துக் குப்பை மட்டுமே. பெண் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு இது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

நேற்றுவரை திறந்தது இன்று ஏன் திறக்கவில்லை?

கணனிக்குள் ரீ.பி.எம். என்றொரு சிறிய சில்லு இருக்கிறது. அதை வாசற்காவல்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாள்தோறும் கணனி விழிக்கும்போது முதலில் யார் வருகிறார், அடுத்து யார் வருகிறார் என்று அவன் கவனிக்கிறான். வழக்கமான ஆட்கள் வழக்கமான ஒழுங்கில் வந்தால் ஒன்றும் பேசாமல் கதவைத் திறந்துவிடுகிறான். அதனால்தான் இத்தனை நாளும் பூட்டு இருப்பதே உங்களுக்குத் தெரியவில்லை.

லினக்ஸைப் போட்டதும் கணனி விழிக்கும் ஒழுங்கு மாறிவிடுகிறது. விண்டோஸா, லினக்ஸா என்று கேட்கும் கிரப் என்ற சிறு நிரல் முன்னால் வந்து நிற்கிறது. சிலர் லினக்ஸுக்காக 'செக்கியூர் பூட்' என்ற பாதுகாப்பையும் அணைத்துவிடுகிறார்கள். காவல்காரன் புதுமுகத்தைக் காண்கிறான். நல்லவனா கெட்டவனா என்று அவனுக்குத் தெரியாது. "அப்படியானால் திறப்பைக் காட்டு" என்கிறான். அந்த நீலத் திரை கேட்பது அதைத்தான்.

ஆகவே பிள்ளையை ஏசாதீர்கள். ஒன்றையும் தொடாதவர்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. 2024 ஜூலை மாதத்து விண்டோஸ் புதுப்பித்தலுக்குப் பின் சில கணனிகள் காரணமில்லாமல் இந்தத் திரையைக் காட்டின. அடுத்த மாதமே அது திருத்தப்பட்டது. அதே ஜூலை 19ஆம் திகதி, கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் பழுதான கோப்பினால் உலகெங்கும் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணனிகள் முடங்கின. பிட்லொக்கர் போட்டிருந்த கணனிகளைச் சரிசெய்யப் போனவர்களிடமும் இதே 48 இலக்கங்கள்தான் கேட்கப்பட்டன. திறப்பைப் பத்திரமாக வைத்திருந்த நிறுவனங்கள் விரைவில் எழுந்து நின்றன. திறப்பைத் தேட வேண்டியிருந்தவர்கள் திண்டாடினார்கள். பெரிய கம்பனிகளுக்கே இந்தப் பாடம் என்றால் நமது வீடுகளுக்கு எப்படி இருக்கும்?

முதலில் செய்ய வேண்டியது

என்ன மாற்றினோமோ அதைப் பழையபடி ஆக்கிப் பாருங்கள். கணனி விழிக்கும்போதே பயோஸ் எனப்படும் ஆரம்ப அமைப்புக்குள் போய், செக்கியூர் பூட்டை அணைத்திருந்தால் மீண்டும் போடுங்கள். விழிக்கும் வரிசையில் 'விண்டோஸ் பூட் மெனேஜர்' என்பதை முதலாவதாக வையுங்கள். பழைய முகங்களைப் பழைய ஒழுங்கில் கண்டால் காவல்காரன் பல சமயங்களில் தானாகவே கதவைத் திறந்துவிடுவான். 48 இலக்கங்கள் தேவைப்படாது. அங்கே ரீ.பி.எம்.மைத் துடைக்கும் 'கிளியர்' என்ற தெரிவு இருந்தால் அதை மட்டும் தொடவேண்டாம். காவல்காரனின் ஞாபகத்தையே அழித்துவிடும் தெரிவு அது.

திறப்பு இருக்கக்கூடிய இடங்கள்

அப்படியும் திறக்காவிட்டால் நீலத் திரையை நன்றாகப் பாருங்கள். 'கீ ஐடி' என்று ஓர் அடையாளம் தெரியும். அதன் முதல் எட்டு எழுத்துகளை ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். அது திறப்பன்று, எந்தத் திறப்பு இந்தப் பூட்டுக்குரியது என்று காட்டும் அடையாளம். வீட்டில் இரண்டு மூன்று கணனிகள் இருந்தால் இது மிகவும் உதவும்.

இனித் தேடுங்கள். தானாக விழுந்த பூட்டாயின், திறப்பு பெரும்பாலும் ஒரு மைக்ரோசொப்ட் கணக்கில்தான் சேமிக்கப்பட்டிருக்கும். யாருடைய கணக்கில்? கணனியை முதன்முதலில் அமைத்தவரின் கணக்கில்! இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். மகள் தன் கணக்கில் தேடிப் பார்த்துவிட்டு இல்லையென்று அழுகிறாள். ஆனால் பெட்டியிலிருந்து எடுத்த அன்று அதை அமைத்தவர் வாப்பாவாக இருக்கலாம், நானாவாக இருக்கலாம், வெளிநாட்டிலிருந்து வாங்கி அனுப்பிய மாமாவாகவும் இருக்கலாம். இதற்கு அந்தக் கணனியே தேவையில்லை. எந்தக் கைத்தொலைபேசியிலிருந்தும் உரியவரின் மைக்ரோசொப்ட் கணக்கின் இணையத்தளத்துக்குள் போய், 'டிவைசஸ்' பகுதியில் கணனியின் பெயரைத் தெரிந்தால் பிட்லொக்கர் திறப்பு அங்கே கிடைக்கும். எட்டு எழுத்து அடையாளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு ஒரு வார்த்தை. உங்கள் கணவர் அமைத்துக் கொடுத்த கணனியாயின் முதலில் தேட வேண்டியது அவருடைய கணக்கில். கடவுச்சொல் தெரியாவிட்டால் அதை மாற்றுவதற்கான இலக்கம் அவருடைய மின்னஞ்சலுக்கோ கைத்தொலைபேசிக்கோதான் வரும். ஆகவே அவருடைய சிம்மை வீசிவிடாதீர்கள். இன்னும் வேலை செய்கிறதாயின் காசு போட்டு உயிரோடு வைத்திருங்கள். அவர் பாவித்த பழைய போனில் மின்னஞ்சல் திறந்தபடி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கணனியைக் கடையில் அமைத்துத் தந்திருந்தால் கடைக்காரரின் கணக்கிலும் திறப்பு இருக்கக்கூடும். அடையாள எழுத்துகளைக் கொண்டுபோய்க் காட்டி, தேடித் தரும்படி கேளுங்கள். வேலைத்தலத்தின் கணக்கோ பல்கலைக்கழகக் கணக்கோ அந்தக் கணனியில் சேர்க்கப்பட்டிருந்தால், அந்த நிறுவனத்தின் கணனிப் பிரிவில் கேட்கலாம். கையாலேயே பிட்லொக்கரைப் போட்டவர்கள் திறப்பை அச்சிட்டோ, பென் டிரைவில் சேமித்தோ வைத்திருப்பார்கள். 'பிட்லொக்கர் ரிகவரி கீ' என்று பெயர் தொடங்கும் சிறிய கோப்பு எங்காவது இருக்கிறதா என்று பழைய பென் டிரைவ்களிலும் தேடுங்கள்.

திறப்பு கிடைத்துவிட்டதா?

48 இலக்கங்களும் ஆறு ஆறாக எட்டுத் தொகுதிகளில் இருக்கும். அவசரப்படாமல் ஒருவர் வாசிக்க மற்றவர் அடியுங்கள். இலக்க விசைகள் வேலை செய்யாவிட்டால் எப்1 முதல் எப்9 வரையான விசைகளை 1 முதல் 9 வரைக்கும், எப்10ஐப் பூச்சியத்துக்கும் பாவிக்கலாம்.

பழைய காகிதத்தில் ஓர் இலக்கம் மங்கிப்போயிருந்தால் மனந்தளர வேண்டாம். இந்தத் திறப்பை உண்டாக்கியவர்கள் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஆறு இலக்கத் தொகுதியும் 11ஆல் மிச்சமின்றி வகுபடும். உதாரணமாக 135795 என்று ஒரு தொகுதியை எடுப்போம். ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டினால் 1, 5, 9 சேர்ந்து 15. 3, 7, 5 சேர்ந்து 15. இரண்டுக்கும் வித்தியாசம் பூச்சியம். வித்தியாசம் 0 அல்லது 11 அல்லது 22 ஆக வந்தால் தொகுதி சரி. வேறெது வந்தாலும் எங்கோ பிழை. இதில் இரண்டாவது இலக்கம் மங்கிவிட்டது என்று வைப்போம். ஒரு பக்கம் 15, மறுபக்கம் 12 இருக்கிறது. 3ஐப் போட்டால் மட்டுமே கணக்கு நேராகும். ஒரு தொகுதியில் ஓர் இலக்கம் மட்டுமே மங்கியிருந்தால் பொருந்தும் விடை ஒன்றே ஒன்றுதான். இன்னுமொன்று: எந்தத் தொகுதியும் 720885ஐத் தாண்டாது. ஆகவே முதலிலுள்ள இலக்கம் 1ஆ 9ஆ என்று மயங்கினால் அது 9 ஆக இருக்க முடியாது. கணக்குப் படிக்கும் பிள்ளையிடம் கொடுங்கள், விளையாட்டாகச் செய்து தருவான்.

விண்டோஸே பழுதாகி, திறப்பு மட்டும் கையில் இருக்கிறதா? அப்போது லினக்ஸே உங்களுக்கு உதவிக்கு வரும். 2020 முதல் லினக்ஸின் பூட்டுக் கருவியான கிரிப்ட்செட்டப் பிட்லொக்கரையும் அறியும். உபுண்டு போன்றவற்றின் கோப்பு ஜன்னலில் பூட்டிய பகுதியை அழுத்தினால் கடவுச்சொல் கேட்கும். 48 இலக்கங்களையும், தொகுதிகளுக்கிடையில் சிறு கோடு போட்டு, கொடுங்கள். திறந்ததும் அதற்குள் எதையும் எழுதவோ மாற்றவோ வேண்டாம். படங்களையும் பாடக் குறிப்புகளையும் வெளியிலுள்ள வேறொரு டிஸ்க்குக்குக் கொப்பி பண்ணிக்கொள்ளுங்கள். ஆனால் திறப்பில்லாமல் லினக்ஸாலும் ஒன்றும் செய்ய முடியாது என்பதை நினைவில் வையுங்கள்.

திறந்த பிறகு

உள்ளே போனதும் முதல் வேலை, முக்கியமானவற்றை வேறிடத்துக்குக் கொப்பி பண்ணுவது. இரண்டாவது, திறப்பை மீண்டும் சேமிப்பது. ஒவ்வொரு முறையும் அதே நீலத் திரை வந்தால், கிரப் வழியாகப் போகாமல் கணனியின் சொந்தப் பட்டியலிலிருந்து விண்டோஸை நேரே தெரிந்து பாருங்கள். அல்லது பிட்லொக்கரைச் சிறிது நேரம் நிறுத்தி, மீண்டும் தொடரச் செய்யுங்கள். காவல்காரன் புதிய ஒழுங்கை மனதில் பதித்துக்கொள்வான்.

திறப்பு கடைக்காரரிடமோ வேறு அந்நியரிடமோ இருந்ததாயின், பூட்டை முழுதாக நீக்கிவிட்டு உங்கள் சொந்தக் கணக்கிலிருந்து திரும்பப் போடுங்கள். அப்போது புதிய திறப்பு உண்டாகும். பழையது பயனற்றுப் போகும். வீடு கைமாறினால் கதவுப் பூட்டை மாற்றுவதில்லையா? அதைப் போலத்தான்.

கிடைக்கவே இல்லையென்றால்?

கசப்பாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். திறப்பு எங்குமே இல்லையென்றால் அந்த டிஸ்க்கில் உள்ளவை கிடைக்காது. தொலைந்த திறப்பைத் தம்மாலும் உண்டாக்கித் தர முடியாது என்று மைக்ரோசொப்ட்டே சொல்கிறது. 48 இலக்கங்களுக்குப் பின்னால் இருக்கக்கூடிய தெரிவுகளின் எண்ணிக்கையை எழுதினால் அதுவே 39 இலக்கம் நீளும். ஊகித்துக் கண்டுபிடிக்கிற கதை நடக்காது. "நான் உடைத்துத் தருகிறேன், முதலில் காசு தாருங்கள்" என்பவரிடம் ஏமாந்துவிடாதீர்கள்.

ஆனாலும் டிஸ்க்கை அழிக்குமுன் இன்னும் சில இடங்களில் தேடுங்கள். விண்டோஸ் பல கணனிகளில் டெஸ்க்டொப்பையும் ஆவணங்களையும் படங்களையும் வன்டிரைவ் என்ற இணையச் சேமிப்புக்கும் அனுப்பி வைக்கிறது. படம் எடுத்த கைத்தொலைபேசி, கூகுள் போட்டோஸ், குடும்ப வட்ஸ்அப் குழு, வெளிநாட்டிலிருக்கும் உறவினருக்கு அனுப்பியவை என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். குரல் பதிவுகள் பெரும்பாலும் யாராவது ஒருவரின் போனில் இருக்கும். படங்கள் அவ்வளவு விலைமதிப்பற்றவையென்றால், பழைய டிஸ்க்கை அழிக்காமல் கழற்றி வைத்துவிட்டுப் புதியதொன்றைப் போடவும் சில கணனிகளில் முடியும். டிஸ்க்கையும், அது இருந்த கணனியையும் சேர்த்தே வைத்திருங்கள். திறப்பு என்றாவது ஒரு நாள் ஏதாவதொரு லாச்சியிலிருந்து வெளிப்படலாம்.

இன்னும் பூட்டு மாட்டாதவர்களுக்கு

சகோதரிகளே! காணி உறுதியும் பிறப்பத்தாட்சிப் பத்திரமும் அடகுக் கடைத் துண்டும் நம் வீடுகளில் யாருடைய பொறுப்பில் இருக்கின்றன? உங்களுடைய அலுமாரியில்தானே! ஆண்கள் தேடும்போது எடுத்துக் கொடுப்பவர்கள் நீங்கள்தான். ஆனால் கணனி என்று வந்தால் மட்டும் "அது அவருக்குத்தான் தெரியும், அது மகனுக்குத்தான் தெரியும்" என்று ஒதுங்கிவிடுகிறோம். அந்த 'அவர்' வெளிநாட்டில் இருக்கும்போது, நோயில் விழும்போது, நம்மைவிட்டுப் பிரியும்போது, ஒரு குடும்பத்தின் நினைவுகள் முழுவதும் அவரோடு பூட்டப்பட்டுப் போகின்றன.

ஆகவே இந்த வாரமே செய்யுங்கள். கணனியில் செட்டிங்ஸுக்குள் போய், 'பிரைவசி அண்ட் செக்கியூரிட்டி' என்பதன் கீழ் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், அல்லது பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். போடப்பட்டிருந்தால் அந்தத் திறப்பை இரண்டு காகிதங்களில் அச்சிட்டோ தெளிவாக எழுதியோ எடுங்கள். எந்தக் கணனிக்குரியது, யாருடைய கணக்கில் இருக்கிறது, என்ன திகதி என்றும் பக்கத்தில் குறியுங்கள். ஒன்று காணி உறுதியோடு அலுமாரியில் இருக்கட்டும். மற்றது உம்மா வீட்டிலோ தாத்தா வீட்டிலோ இருக்கட்டும். கணனிப் பையில் வைக்க வேண்டாம். பை களவு போனால் பூட்டும் திறப்பும் சேர்ந்தே போய்விடும். கணனிக்குள் மட்டும் சேமிப்பதோ, பெட்டிக்குள் திறப்பை வைத்துப் பெட்டியைப் பூட்டுவதற்குச் சமம். தொலைபேசியில் கேட்கும் எவருக்கும் அதை வாசித்துக் காட்டவும் வேண்டாம்.

பிள்ளைகள் லினக்ஸ் போட விரும்பினால் தடுக்காதீர்கள். அது நல்ல படிப்பு. போடுமுன் திறப்பைக் காகிதத்தில் எடுத்து, முக்கியமானவற்றைக் கொப்பி பண்ணி, பூட்டை நீக்கி, எல்லாம் முடிந்தபின் திரும்பப் போடச் சொல்லுங்கள். லினக்ஸையும் பூட்டி வைக்கிறார்களாயின், அதன் திறப்பு எந்த நிறுவனத்தின் கணக்கிலும் இருக்காது. கடவுச்சொல்லை மறந்தால் யாரையும் கேட்க முடியாது. ஆனால் இப்போதைய லினக்ஸ் பூட்டொன்றுக்கு 32 வரையான வெவ்வேறு திறப்புகளை வைக்கலாம். பிள்ளைக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று என்று இரண்டாவது வைக்கட்டும்.

பூட்டு நல்லது. அதன் திறப்பு எங்கே இருக்கிறதென்று வீட்டில் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும். அந்த இரண்டு பேரில் ஒருவர் நீங்களாக இருங்கள்.

வஸ்ஸலாம்.